புகையிலைத் தோட்டமும் தூது ஆர்.என்.ஏ.யும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்பவர், கொக்குவிலையும் தாவடியையும் கடந்து மூன்று நான்கு கட்டை தூரத்தில் அடைகின்ற இணுவில், கோவில்களாலும் கலைகளாலும் பெயர் பெற்ற ஊர். கந்தசுவாமி கோவிலின் பெருமஞ்சத்தை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. ஈழத்தாரும் தமிழகத்தாரும் ஒருங்கே கொண்டாடிய தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி பிறந்தது இவ்வூரில். ஒல்லாந்தர் காலத்திலே வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவர், இளந்தாரி எனப்படும் கைலாயநாதனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் பஞ்சவன்னத் தூது என்னும் பிரபந்தத்தை இயற்றியதும் இங்கேதான். இத்தனை கீர்த்திகளுக்கும் வேண்டிய பொருளை ஈட்டிக் கொடுத்தது செம்மண் தோட்டம். அத்தோட்டத்திலே நெடுங்காலம் முதன்மை பெற்று நின்றது புகையிலை. அப்புகையிலையின் இலையில் உண்டாகும் ஒரு நோயை ஆராயப் புகுந்த பிறதேசத்து விஞ்ஞானிகள், அதன் வாயிலாகவே, சகல உயிர்களின் உடலுக்குள்ளும் கணந்தோறும் நடைபெறும் ஓர் அந்தரங்கமான காரியத்தை, அதாவது தூது ஆர்.என்.ஏ. என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லிப் பழகிய பொருளின் தொழிலை, விளங்கிக்கொண்டார்கள் என்ற விருத்தாந்தத்தை, இந்த ஊரின் தோட்ட வரம்பிலே நின்று நினைத்துப் பார்ப்பது பொருத்தமானதே.

புகையிலை இந்நாட்டுக்கு உரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பறங்கியரின் கப்பல்களிலே கீழைத் தேசங்களுக்கு வந்த இச்செடி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரையும் சுண்ணாம்புக் கல்லின் மேற்படிந்த செம்மண்ணையும் கண்டதும், பிறந்த இடத்தை மறந்ததுபோல் வேரூன்றிவிட்டது. ஒல்லாந்தர் காலத்திலும் அவர்களுக்குப்பின் வந்த ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளக் கரைக்கு ஏற்றுமதியாயிற்று. திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்திலே, அந்த அரசாங்கம் என்ன விலை கொடுக்கும் என்பதைப் பொறுத்தே இங்குள்ள பல குடும்பங்களின் கலியாணமும் கடனும் நிர்ணயமாயின. பின்னாளில் மலையாளப் புகையிலைக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டதும், சுருட்டுக் கொட்டில்கள் பெருகித் தென்னிலங்கைச் சந்தைக்குச் சுருட்டு அனுப்பியதும் அந்த வாணிகத்தின் பிந்திய அத்தியாயங்கள். புகையிலையால் மனிதருக்கு விளைந்த கேட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளையும் கல்லூரிப் படிப்புகளையும் பற்றிப் பெருமை பேசுவோர், அவற்றுள் எத்தனைக்கு அடிப்படைச் செலவு இந்த இலையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்காதிருப்பதே நேர்மை.

இப்பயிரைப்போல மனிதனின் கையை ஓயாது கேட்கும் பயிர் வேறில்லை. குழை தாழ்த்தியும் ஆடுமாடு பட்டி கட்டியும் உரமேற்றிய நிலத்திலே, மாரி மழை தணிந்தபின், நாற்றுமேடையிலிருந்து பிடுங்கிய கன்றை ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும். வேர் பிடிக்கும்வரை வெயில் படாமல் மறைப்புக் கட்ட வேண்டும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலும், இயந்திரம் வந்து இறைக்கும் இக்காலத்திலும், தண்ணீர் தவறாமல் விட வேண்டும். செடி உயர்ந்ததும் நுனிக் குருத்தை முறிப்பார்கள்; முறித்தால் இலைக் கக்கங்களில் வெடித்து வரும் பக்கத் தளிர்களை வாரந்தோறும் ஒடிப்பார்கள்; செடியின் சாரமெல்லாம் எஞ்சிய சில இலைகளுக்கே போய்ச் சேர்ந்து, அவை தடித்துக் காரம் ஏறுவதற்கு இதுவே உபாயம். ஒரு நிரையின் தொடக்கத்தில் புகுந்தவன் மறுமுனையில் வெளிப்படும்போது அவன் விரல்களிலே கறுத்த பிசின் ஒட்டியிருக்கும். ஒரு செடியைத் தொட்ட கை, கழுவப்படாமலே அடுத்த செடியைத் தொட்டுவிடும். பங்குனி, சித்திரையில் வெட்டிய இலையைப் பாடம் செய்து புகைக் குடிலில் ஏற்றும் வரையிலும் இதே கதைதான்.

புகையிலை பயிராகும் தேசங்கள் யாவற்றிலும் காணப்படும் சித்திர நோய் என்பது, இலையின் பசுமை ஒரே சீராக இராமல், கரும்பச்சையும் வெளிறிய மஞ்சளும் கலந்த திட்டுகளாகப் பிரிந்து, இலை சுருண்டு சிறுத்துப்போவதாகும். அதற்கு அந்தப் பெயரை இட்டவர் ஒல்லாந்து தேசத்து வாகனிங்கனில் விவசாய ஆராய்ச்சி செய்த அடொல்ப் மேயர். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டு, இங்குள்ள நிலங்களையெல்லாம் தோம்பில் எழுதிவைத்த அதே ஒல்லாந்தரின் தாய்நாட்டிலும் குடியானவர்கள் புகையிலை பயிரிட்டு, இதே நோயால் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மேயர் நோயுற்ற இலையை நீர்விட்டு அரைத்து, அச்சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயால் நல்ல செடியின் நரம்பிலே செலுத்திப் பார்த்தார். பத்துக்கு ஒன்பது செடி நோயுற்றது. 1886இல் அவர் எழுதிய கட்டுரை, பற்றீரியாவே காரணம் என்று கருதிற்று. ருஷியாவில் இவனோவ்ஸ்கி 1892இல் அச்சாற்றைப் பற்றீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்தபின்பும் அது நோய் தருவதைக் கண்டார். 1898இல் டெல்வ்ற் நகரத்து பெய்யெரிங்க், இது எந்தக் கிருமியும் அன்று, உயிருள்ள செடியின் கலத்துக்குள்ளே மாத்திரம் பெருகும் ஒருவகைத் தொற்றுத் திரவம் என்று துணிந்து சொன்னார். வைரசு பற்றிய சாஸ்திரம் பிறந்தது அப்பொழுதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தக் கடைசி ஆண்டுகளிலேதான் இணுவிலிலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள் திரட்டிய நிதியிலிருந்து உருவான அந்த ஸ்தாபனத்தை ஸ்கொத்லாந்துப் பெண் வைத்தியர் இசபெல்லா கேர் நெடுங்காலம் நடத்தினார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்கள், குடாநாட்டின் நாலா திசைகளிலிருந்தும் மாட்டுவண்டியில் வந்து அங்கே பிள்ளை பெற்றுப் போனார்கள். இரண்டு மைல் தூரத்திலுள்ள மானிப்பாயிலே, அதற்கு ஒரு தலைமுறை முன்பே, சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தம்முடைய மாணாக்கர்களின் துணையோடு மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய பெருநூல்களை வெளியிட்டிருந்தார். ஆகவே, உடலுக்குள் நடப்பதை விவரமாகச் சொல்லும் பழக்கம் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதன்று. ஆனால் 1884இல் காலமான கிறீனின் காலத்தில், கலத்தின் நடுவே கரு ஒன்று உண்டு என்பதற்குமேல் அதன் தொழில் எவருக்கும் தெளிவாக விளங்கியிருக்கவில்லை.

அமெரிக்காவில் வெண்டல் ஸ்ரான்லி, ஏறத்தாழ ஒரு தொன் நோயுற்ற புகையிலைச் செடியைச் சாறாக்கிச் சுத்திகரித்து, 1935இல் புகையிலைச் சித்திர நோயின் வைரசை உப்பைப்போல் பளிங்காகப் படியவைத்தார். உயிருள்ளதென்று கருதப்பட்ட ஒன்று போத்தலில் அடைத்துவைக்கத்தக்க பளிங்காயிற்று என்ற செய்தி அக்காலத்து அறிஞரைத் திகைக்க வைத்தது. அவர் அதை வெறும் புரதம் என்றே கருதினார். இங்கிலாந்தின் போடனும் பிரியும் அடுத்த ஆண்டிலேயே, அதற்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலே ஆர்.என்.ஏ. என்னும் நியூக்கிளிக்கமிலமும் உண்டு என்று காட்டினர். தொண்ணூற்றைந்து பங்கு புரதமிருக்க, அந்த ஐந்து பங்கை எவரும் பெரிதாக எண்ணவில்லை. இருபது வருஷம் கழித்து, 1956இல், ஜெர்மனியின் ரியூபிங்கன் நகரில் கீரரும் ஷ்ராமும் வைரசின் புரத உறையை முற்றாக உரித்தெறிந்து, எஞ்சிய ஆர்.என்.ஏ.யை மட்டும் இலையிலே தேய்த்தபோது இலை நோயுற்றது. பேர்க்கிலியில் பிரெங்கல்-கொன்ராட் என்பவர் இன்னும் ஒருபடி சென்று, ஒரு வைரசின் ஆர்.என்.ஏ.க்கு அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு வைரசின் புரதத்தைப் போர்த்தி இலைக்குள் விட்டார். பிறந்த சந்ததி யாவும் உள்ளே இருந்த ஆர்.என்.ஏ.யின் சாயலையே கொண்டிருந்தன. உறை யாருடையதாயினும் ஆணை உள்ளிருக்கும் இழையினுடையது என்பது அதனால் நிரூபணமாயிற்று.

அந்த இழை கலத்துக்குள் என்ன செய்கிறது என்பதை அறிய, நோயற்ற கலத்தின் இயல்பை முதலில் அறிய வேண்டும். நம்முடைய ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் பெரும் ஏடு இருக்கிறது. மனிதனுடையதில் எழுத்துக்கள் ஏறத்தாழ முந்நூறு கோடி. ஒல்லாந்தரின் தோம்பு தன் பெட்டகத்தை விட்டு அகலாமல் இருக்க, ஒரு குடியானவனின் காணியைப் பற்றிய பகுதியை மாத்திரம் எழுதுவினைஞன் ஓர் ஓலை நறுக்கில் பிரதி செய்து வெளியே கொடுப்பதுபோல, அவ்வேட்டிலே அப்போதைக்கு வேண்டிய பரம்பரையலகு ஒன்று மட்டும் ஆர்.என்.ஏ.யாகப் பிரதி செய்யப்படுகிறது. அடினின், குவானின், சைற்றோசின், யுராசில் என்னும் நான்கு எழுத்துக்களாலேயே ஆன அந்தப் பிரதியிலிருந்து வேண்டாத இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, தலையிலே ஒரு காப்பும் வாலிலே ஒரு நீண்ட தொடரும் பூட்டப்பட்டபின், அது கருவின் நுண்டுளை வழியே குழியவுருவுக்கு வருகிறது. அங்கே இறைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்கூடம் அதைப் பற்றிக்கொண்டு, மும்மூன்று எழுத்தாக வாசித்துச் செல்லும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் வேறொருவகைச் சிறு ஆர்.என்.ஏ. அதை இறக்கிவைக்கும், அமினோ அமிலங்கள் கோவையாக நீண்டு, நிறுத்தக் குறி வந்ததும் அறுந்து விலகி, மடிந்து உருக்கொண்டு புரதமாகும். தசையை இயக்குவதும், உணவைச் செரிப்பிப்பதும், குருதியில் பிராணவாயுவைச் சுமப்பதும் இவ்வாறு உண்டான புரதங்களே. ஒரே இழையைப் பல இறைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பதும் உண்டு.

வாசித்து முடிந்த பிரதி நிலைத்திருப்பதில்லை. பற்றீரியாவில் சில நிமிஷங்களிலும், நம் உடலில் பெரும்பாலும் சில மணி நேரங்களிலும், சிதைக்கப்பட்டு அதன் எழுத்துக்கள் வேறு பிரதிகளுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. இந்த அழிவை நாம் ஒரு குறைபாடாக நினைக்கக்கூடாது. உண்டபோது வேண்டிய புரதம் வேறு, பசித்தபோது வேண்டியது வேறு. காயம் ஆறுவதற்கு வேண்டியது காயம் ஆறியபின் வேண்டாதது. பழைய ஆணைகள் யாவும் அழியாமல் கிடந்து, ஒவ்வொன்றும் தன் புரதத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருந்தால், கலம் ஒரு நாளும் காலத்துக்கேற்ப நடந்துகொள்ள முடியாது.

அவ்வளவு விரைவில் அழிவதாலேயே அதைக் கண்டுபிடிப்பதும் கடினமாயிற்று. 1960ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர், பிரான்சிஸ் கிரிக், பாரிசிலிருந்து வந்த பிரான்சுவா ஜக்கோப் ஆகியோர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, நெடுநாட் சிக்கல் ஒன்று சட்டென அவிழ்ந்தது. நிலையான இறைபோசோமுக்கும் கருவிலுள்ள ஏட்டுக்கும் நடுவே, குறுகிய ஆயுளுள்ள ஒரு தூதுப்பொருள் இருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். அதை நிரூபிக்க பிரென்னரும் ஜக்கோபும் கலிபோர்ணியாவுக்குச் சென்று மெசல்சன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து செய்த பரிசோதனைகள் நாளுக்கு நாள் தோற்றன. மனம் சோர்ந்து கடற்கரை மணலில் கிடந்த ஒரு பொழுதிலே, இறைபோசோம் குலையாமல் இருக்க மக்னீசியம் போதாது என்ற எண்ணம் பிரென்னருக்கு உதித்தது, எழுந்து ஓடினார்கள், மக்னீசியத்தை மிகுதியாக இட்டுச் செய்த கடைசிப் பரிசோதனை பலித்தது. 1961 மே மாதத்தில் அம்முடிபு வெளியாயிற்று.

அதே மே மாதத்தில் நடந்த மற்றொரு காரியத்தில் புகையிலை மறுபடியும் தலைகாட்டுகிறது. உயிருள்ள கலத்தை நசுக்கி எடுத்த சாற்றிலே வெளியிலிருந்து ஆர்.என்.ஏ. இட்டால் புரதம் உண்டாகுமா என்று ஆராய்ந்த மார்ஷல் நிரன்பேர்க், புகையிலைச் சித்திர வைரசின் ஆர்.என்.ஏ.யை இட்டபோது அமினோ அமிலங்கள் விரைவாகக் கோக்கப்படுவதைக் கண்டு, அதை மேலும் ஆராய பேர்க்கிலிக்கு, பிரெங்கல்-கொன்ராட்டின் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத சமயத்திலே, அவருடைய சகா மத்தாய், யுராசில் என்ற ஒரே எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வரும் செயற்கை இழையை இட்டார்; பினைலலனின் என்னும் ஒரே அமினோ அமிலம் கோத்த சங்கிலி உண்டாயிற்று. உயிரின் எழுத்திலே முதற்சொல் வாசிக்கப்பட்டது அவ்வாறுதான். மிகுதிச் சொற்களை வாசிக்க, பஞ்சாபிலே ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர்கோவிந்த் கொரானா, எழுத்தொழுங்கு தெரிந்த இழைகளை இரசாயன முறையிலே கட்டிக் கொடுத்தார். 1968இல் நோபல் பரிசு நிரன்பேர்க்குக்கும் கொரானாவுக்கும் ஹொலி என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் சேர்ந்து கிடைத்தது. வாசிக்கும் இறைபோசோமின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியவர்களுள் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதைத் தமிழர் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

புகையிலை வைரசின் ஆர்.என்.ஏ. என்பது வேறெதுவுமன்று, தானே நேராக ஒரு தூது ஆர்.என்.ஏ.தான். ஏறத்தாழ 6,400 எழுத்துள்ள அந்த இழை, காயம்பட்ட இலைக்கலத்துக்குள் நுழைந்து உறை கழன்றதும், செடியின் இறைபோசோம் அதைத் தன் சொந்தக் கருவிலிருந்து வந்த ஆணை என்று நம்பி வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த உறையோ 2,130 புரதத் துண்டுகள் திருகலாக அடுக்கப்பட்ட ஒரு நுண்குழல், மகா உறுதியானது. புகைக் குடிலில் தொங்கிய இலையிலும், சுருட்டிலும், தோட்டக்காரனின் கை மடிப்பிலும் அது கெடாமல் இருக்கும். உலர்ந்த இலையிலே பல வருஷங்கள் இருந்தபின்னும் புதுச்செடியைப் பற்றும். குருத்து முறிக்கும்போது ஏற்படும் சிறு காயமே அதற்குப் போதுமான வாசல். அதனாலேயே புகையிலை நாற்றைத் தொடுமுன் சவர்க்காரமிட்டோ பாலில் தோய்த்தோ கைகளைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றும், தோட்டத்துக்குள் சுருட்டுக் குடிக்கலாகாதென்றும் விவசாய நூல்கள் எச்சரிக்கின்றன. ஆனால் உறையை உரித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. நம் விரல் நுனியின் வியர்வையிலேயே ஆர்.என்.ஏ.யை அறுக்கும் நொதியம் இருக்கிறது. உறையோடு நூறு செடிகளுக்குச் சுமந்துசென்ற அதே கை, உறையற்ற இழையைத் தொட்டமாத்திரத்தில் நாசம் செய்துவிடும்.

தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக்க முனைந்தவர்கள் முப்பது வருஷம் முட்டிமோதியது இந்தச் சுவரிலேதான். நோய்க்கிருமியைச் செலுத்தாமல், அதன் ஒரு புரதத்துக்குரிய ஆணையை மட்டும் உடலுக்குள் விட்டால், நம் கலங்களே அப்புரதத்தைச் செய்து காட்டி, உடலின் காவற்படையைப் பழக்கிவிடும் என்பது எண்ணத்தில் எளிது. இழையோ வழியிலேயே சிதையும். சிதையாது போனாலும் அந்நியப்பொருள் என்று உடல் கொதித்தெழும். ஹங்கேரியில் பிறந்த கற்றலின் கரிக்கோவும் அவருடைய சகா ட்ரூ வைஸ்மனும், யுராசில் உள்ள அலகைச் சிறிது மாற்றி அமைத்தால் அந்தக் கொதிப்பு அடங்குவதை 2005இல் அறிவித்தார்கள். அப்போது அதைக் கவனித்தவர் சொற்பம், 2023இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. இழையை மூட, வைரசின் புரத உறைக்குப் பதிலாகக் கொழுப்புத் துளிகளை வேறு பலர் செய்து பழகியிருந்தார்கள். கொரோனாவுக்கு எதிரான ஃபைசர் தடுப்பூசியின் இழை 4,284 எழுத்து. ஒரு ஊசியில் அதன் அளவு 30 மைக்ரோகிராம். ஆயினும் அக்கொழுப்புறை புகையிலை வைரசின் உறைக்கு ஈடாகுமா? தொடக்கத்தில் அதைப் பூச்சியத்துக்குக் கீழே எழுபது பாகை குளிரிலே வைத்துக் காக்க வேண்டியிருந்தது.

இலங்கைக்கு ஃபைசர் ஊசி 2021 ஜூலையில் வந்தது. அதற்கு முன், மே மாதக் கடைசியில், யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது சீனாவின் சினோபாம். அது கொன்ற வைரசால் ஆனது, தூது ஆர்.என்.ஏ. ஊசியன்று. அவ்வாண்டின் இறுதியில் மூன்றாவது ஊசியாக ஃபைசர் நாடெங்கும் பரவியபோதே, இந்தக் கட்டுரைக்கு உரிய பொருள் குடாநாட்டு மக்களின் தோளுக்குள் பெருமளவில் புகுந்தது. அப்பொழுது எழுந்த அச்சங்களுள் ஒன்று, இந்த ஊசி பரம்பரையையே மாற்றிவிடும் என்பது. இழை தன் வேலையைக் குழியவுருவிலே முடித்து, கருவுக்குள் புகாமலே, சில நாட்களுக்குள் சிதைந்துபோகிறது என்று விளக்கிச் சொன்ன இடங்களிலே அவ்வச்சம் அடங்கிற்று. அதட்டிச் சொன்ன இடங்களிலே வளர்ந்தது. தமிழிலே நிதானமாக விளக்கும் அந்தக் கிறீன் காலத்துப் பொறுமை நம் சுகாதாரத் துறைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பேன். குளிரூட்டும் தொல்லைக்கும் பரிகாரம் பிறந்திருக்கிறது: புனே நகரத்து ஜென்னோவா நிறுவனம் செய்து, 2022 ஜூனில் இந்தியாவில் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற தூது ஆர்.என்.ஏ. ஊசியைச் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலேயே, இரண்டு முதல் எட்டுப் பாகையில் வைக்கலாம். எங்கள் வெயிலுக்கு வேண்டிய வித்தை அதுவே.

இணுவில் தோட்டங்களில் புகையிலையின் ஏகாதிபத்தியம் போய்விட்டது; மலையாளத்துச் சந்தையும் பழங்கதை. உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழை ஆகியவை பல காணிகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் இவ்வூரார் பலர் சென்று குடியேறிய கனடாவிலே, புகையிலையின் வரலாறு விசித்திரமான ஒரு திருப்பம் கண்டது. கியூபெக் நகரத்து மெடிக்காகோ நிறுவனம், புகையிலைக்கு உறவான ஓர் அவுஸ்திரேலியச் செடியின் இலைக்குள் கொரோனா வைரசின் முட்புரதத்துக்குரிய பரம்பரையலகைச் செலுத்தியது. இலையின் கலங்கள் அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ.யைப் பிரதி செய்து, செடியின் இறைபோசோம்களே மனிதனுக்கு வேண்டிய தடுப்புமருந்தைச் சில நாட்களில் ஆக்கிக் கொடுத்தன. 2022 பெப்ரவரியில் கனடா அதை அங்கீகரித்தது. அடுத்த மாதமே உலகச் சுகாதார ஸ்தாபனம் அம்மருந்தை ஏற்க மறுத்தது. மருந்தில் குற்றம் கண்டன்று, மெடிக்காகோவின் பங்குதாரர்களுள் ஒன்றாகப் பிலிப் மொறிஸ் என்ற சிகரெட்டு நிறுவனம் இருந்ததே காரணம். புகையிலையால் மாண்டவர்களை எண்ணினால் அந்தக் கண்டிப்பு நியாயமே என்று நான் நினைக்கிறேன். மெடிக்காகோவின் உரிமையாளர்கள் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அந்நிறுவனத்தை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.